சுவரில்லாச் சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று நம் பிள்ளைகள் எழுதும் சித்திரத்திற்குச் சுவர் வேண்டியதில்லை. துணியோ தாளோ, குழைத்த வண்ணமோ, மயிர்த் தூரிகையோ வேண்டியதில்லை. கண்ணாடித் திரை ஒன்றும், அதன்மேல் ஓடும் பேனா ஒன்றும் போதும். டிஜிட்டல் ஓவியம் எனப்படும் இக்கலை நம் பங்குகளின் இல்லங்களுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. மறைக்கல்வி வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் படம் போடும் சிறுவன், வீடு திரும்பியதும் அதே படத்தைத் தந்தையின் கைப்பேசியில் விரலால் வரைகிறான். கல்லூரி மாணவியர் சிலர் திருமண அழைப்பிதழ்களுக்கும் சிறுவர் கதைகளுக்கும் படம் வரைந்து, தம் கல்விச் செலவில் ஒரு பகுதியை ஈட்டுகின்றனர்.

இவர்களைக் கண்டு பெற்றோர் இருவகையாக நடந்துகொள்கின்றனர். ஒரு சாரார், "எந்நேரமும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாயே" என்று கடிந்து கருவியைப் பிடுங்கி வைக்கின்றனர். மற்றொரு சாரார், விலை உயர்ந்த கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை ஓவியனாகிவிடுவான் என்று நம்பிக் கடன்படுகின்றனர். இரு சாராரும் கருவியைத்தான் பார்க்கின்றனர். பிள்ளையின் கண்ணையும் கையையும் பார்ப்பதில்லை. ஆகவே இக்கலையின் முறைகளைச் சற்று விரிவாகவே ஈண்டுக் கூற முற்படுகிறோம். வரையும் பிள்ளைகளுக்கு இவை நேரடியாகப் பயன்படும். வரையாத பெற்றோருக்கோ, தம் பிள்ளை செய்வது வெறும் பொழுதுபோக்கா, உழைப்பா என்று கண்டறிய உதவும்.

நம் ஆற்றங்கரையின் சித்திர மரபு

தாமிரபரணிக் கரைக்குச் சித்திரம் புதிதன்று. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், கடனாநதி தாமிரபரணியோடு கலக்குமிடத்தில் உள்ள திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோவில் கோபுரத்தின் உட்புறத்தில் ஐந்து நிலைகளிலும் விசயநகர, நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் நிறைந்துள்ளன. குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும், போர்க்களக் காட்சிகளும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. காவி, மஞ்சள், வெண்மை, கருமை, பச்சை என விரல்விட்டு எண்ணத்தக்க சில வண்ணங்களையும், உறுதியான கோடுகளையும் மட்டுமே கொண்டு அந்த ஓவியர்கள் ஓர் உலகையே படைத்துவிட்டனர். குற்றாலத்துச் சித்திர சபையும் இவ்வாறே சுவர்ச்சித்திரத்தால் பெயர் பெற்றது.

அண்மைக் காலத்திற்கு வந்தால், 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்த ஓவியர் கொண்டைய ராஜுவை நினைக்காமல் இருக்க இயலாது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர் அவர். நாடகக் குழு ஒன்றுக்குத் திரைச்சீலைகள் தீட்டி ஊர் ஊராகச் சென்றவர், இறுதியில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவ்வூர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாக அச்சேறித் தமிழகத்து இல்லங்களின் சுவர்களை நிறைத்தன. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாடகத் திரை, புகைப்படக் கூடம், அச்சு இயந்திரம் என வந்த புதிய சாதனம் எதையும் அவர் வெறுத்து ஒதுக்கவில்லை; எதன்பொருட்டும் தம் கோட்டுத் திறனைக் கைவிடவுமில்லை.

திருச்சபையும் புதிய சாதனங்களைக் கண்டு அஞ்சியதில்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் நெடுங்காலம் உழைத்த சேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்துக்களில் அச்சேற்றினார். அச்சு அன்றைய நாளில் எவ்வளவு புதுமையோ, அவ்வளவு புதுமையே இன்று கணிப்பொறித் தூரிகை.

எனினும், புதுமை வரும்போது சிலர் வழியில் விடப்படுகின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ஃபிளெக்ஸ் அச்சு நம் ஊர்களில் பரவியபோது, கடைப் பலகைகளும் திருவிழாத் தட்டிகளும் எழுதி வாழ்ந்த ஓவியர்கள் பலர் தொழில் இழந்தனர். பெயருக்குப் பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று எழுதிய சிறு கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கைத்திறன் உடையோரிடம் கணிப்பொறி சேரவில்லை. கணிப்பொறி கற்ற இளைஞரிடம் அவர்களுடைய கைத்திறன் சேரவில்லை. இவ்விரண்டும் பிரிந்து நிற்பதால் நேர்ந்த வறுமையை, நம் தெருக்களில் தொங்கும் தட்டிகளே எடுத்துக் காட்டுகின்றன.

பத்தமடைப் பாயும் பிக்சலும்

கணிப்பொறிப் படம் எவ்வாறு அமைகிறது என்பதை விளக்கப் பத்தமடைப் பாயைவிடச் சிறந்த உவமை இல்லை. ஆற்றுநீரில் ஊறவைத்து நுண்ணிதாகக் கிழித்த கோரையை நூற்பாவில் கோத்து நெய்யும் அப்பாயை அருகில் நின்று பார்த்தால், தனித்தனிக் கோரைகளே தெரியும். சற்று விலகி நின்றால் மணமக்களின் பெயர்களும் பூவேலையும் ஒரே வடிவமாகத் தெரியும். கணிப்பொறித் திரையிலும் பிக்சல் எனப்படும் நுண்ணிய வண்ணக் கட்டங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுப் படமாகின்றன. முரட்டுக் கோரையில் நுண்ணிய எழுத்து விழாததுபோலவே, கட்டங்கள் குறைந்த படத்தில் நுட்பம் விழாது.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது. வரையத் தொடங்குமுன்பே படத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். புத்தகத்திலோ இதழிலோ அச்சாக வேண்டிய படத்திற்கு ஓர் அங்குலத்திற்கு 300 கட்டங்கள் என்பது பொதுவான அளவு. அவ்வாறாயின் ஏ4 தாள் முழுவதற்கும் அகலத்தில் 2480, உயரத்தில் 3508 கட்டங்கள் தேவை. சிறிய அளவில் வரைந்துவிட்டுப் பின்னர் பெரிதாக்கினால், பாயை இழுத்து நீட்டியதுபோல் இடைவெளிதான் மிஞ்சும். புதிய கோரை வந்து சேராது. தொலைவில் நின்று பார்க்கும் பெரிய தட்டிகளுக்கு மட்டும் அங்குலத்திற்கு இதைவிடக் குறைந்த அளவு போதும்.

கருவியைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வீட்டில் கணிப்பொறி இருப்பின், திரையில்லாத சாதாரணப் பேனா டேப்லெட்டைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கி அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். பேனாவை மெல்ல வைத்தால் மெல்லிய கோடும், அழுத்தினால் தடித்த கோடும் விழும். அந்த அழுத்த உணர்வே அதன் சிறப்பு. கிரிட்டா, கிம்ப் ஆகிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஃபோட்டோஷாப், புரோகிரியேட் முதலியவை விலை கொடுத்துப் பெற வேண்டியவை. ஓவியம் பயில்வோருக்கு முன்னவையே போதும். கைகளைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவது முதல் சில வாரங்கள் தடுமாற்றமாகவே இருக்கும். நாள்தோறும் அரைமணி நேரம் நேர்கோடும் வட்டமும் வளைகோடும் போட்டுப் பழகினால் அத்தடுமாற்றம் நீங்கும்.

தூரிகைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மென்பொருளுக்குள் நூற்றுக்கணக்கான பிரஷ்கள் உண்டு. மேலும் ஆயிரம் பிரஷ்களைப் பதிவிறக்கவும் இயலும். இவற்றைச் சேகரிப்பதிலேயே காலம் கழிப்போர் பலர். திருப்புடைமருதூர் ஓவியர்களின் சிக்கனத்தை நினைவில் கொள்க. கோடு போட ஒன்று, பரப்பை நிரப்ப ஒன்று, வண்ணத்தைக் கலக்க ஒன்று என மூன்று பிரஷ்களோடு ஓராண்டு வரைபவன், மூன்று நூறு பிரஷ்களோடு வரைபவனை முந்திச் செல்வான்.

ஆறே ஆசிரியர்

கருவி கைக்கு வந்தது. இனிக் கண் பழக வேண்டும். அதற்குப் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலடையும் நம் ஆற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை. பிள்ளைகள் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்லட்டும்.

அம்பாசமுத்திரத்து வயல்வெளியில் நின்று மேற்கே மலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அருகிலுள்ள குன்று கரும்பச்சையாகத் தெரியும். அதற்குப் பின்னுள்ளது நீலம் கலந்து வெளிறும். அதற்கும் அப்பாலுள்ளது வானத்தின் நிறத்தோடு ஏறக்குறைய ஒன்றிவிடும். இடையிலுள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதே இதன் காரணம். ஓவியத்தில் தொலைவைக் காட்ட இதுவே வழி: முன்னால் உள்ளவை அடர்த்தியாகவும் தெளிவாகவும், பின்னால் உள்ளவை வெளிறியும் மங்கியும் இருக்க வேண்டும். மலையின் ஒவ்வொரு மரத்தையும் திரையில் பெரிதாக்கி வரைபவன், தொலைவையே அழித்துவிடுகிறான்.

அடுத்து, திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம். 1843-இல் கட்டப்பட்ட அப்பாலத்தின் வளைவுகளை ஒரு கரையோரம் நின்று நோக்கினால், அருகிலுள்ள வளைவு பெரிதாகவும் அடுத்தடுத்தவை படிப்படியாகச் சிறுத்தும் தோன்றும். பாலத்தின் மேல்விளிம்பையும் நீர்மட்டத்தையும் மனத்தால் நீட்டினால், இரண்டும் நம் கண்மட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கிச் செல்வதை உணரலாம். கோவில் நடுக்கூடத்தையோ தெருவையோ வரைபவருக்கு இவ்வுணர்வு இன்றியமையாதது. மென்பொருளில் இதற்கென உதவிக்கோடுகள் உண்டு. ஆயின் பாலத்தைப் பார்த்து வரைந்தவனுக்கே அக்கோடுகள் ஏன் அவ்வாறு செல்கின்றன என்பது விளங்கும்.

மூன்றாவது, நீர். ஆற்றில் விழும் நிழலுருவம் கரையில் உள்ளதன் சரியான பிரதி அன்று. ஒளிமிக்கவை நீரில் சற்று மங்கியும், இருண்டவை சற்று வெளிறியும் தோன்றும். சிற்றலை எழுமிடத்தில் அவ்வுருவம் நீண்டு உடையும். கரையிலுள்ள மருத மரத்தை வரைந்து, அதையே தலைகீழாகப் பிரதியெடுத்து நீரில் ஒட்டிவிடுவது இளைஞர் பலர் செய்யும் குறுக்குவழி. ஆற்றைப் பார்த்தவர் எவரும் அதை நம்பமாட்டார்.

உலகப் புகழ் பெற்றோரும் இப்பாடத்தையே பின்பற்றுகின்றனர். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபிக்கென ஒரு பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை ஐபேடில் வரைந்து உருவாக்கினார். அது 2018-இல் திறந்து வைக்கப்பட்டது. அதில் அவர் வரைந்தது, தாம் பிறந்த யார்க்ஷயர் நாட்டுப்புறத்தில் பூத்துக் குலுங்கும் ஹாத்தார்ன் மலர்களை. அவர் திரையில் வரைந்த வடிவத்தைக் கண்ணாடிக் கைவினைஞர்கள் சாளரமாக்கினர். புதிய கருவியும் பழைய தொழிலும் அங்கே கைகோத்தன.

ஒரு படம் உருவாகும் விதம்

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டவர் இயேசு கடற்கரையில் மீனவர்களை அழைக்கும் நற்செய்திக் காட்சியைப் பங்கு மலருக்கு வரைய வேண்டியுள்ளது எனக் கொள்வோம். கலிலேயாவை நாம் கண்டதில்லை, புன்னைக்காயலைக் கண்டிருக்கிறோம். அங்கே விடியற்காலையில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறது. வள்ளங்கள் ஒளிக்கு எதிரே கருநிழலாக நிற்கின்றன.

முதலில் தாளில், தீப்பெட்டி அளவில் ஐந்தாறு சிறு படங்கள் போட வேண்டும். ஒன்றில் வள்ளம் பெரிதாக, மற்றொன்றில் ஆண்டவர் முன்னால், வேறொன்றில் வலையை விட்டு எழும் பேதுரு நடுவில் என மாற்றி மாற்றிப் பார்த்து, நற்செய்தியின் கருத்தை எது தெளிவாகச் சொல்கிறதோ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிட உழைப்பு இது. இதைத் தவிர்ப்பவர் பின்னர் ஐந்து மணி நேரத்தை வீணாக்க நேரிடும்.

இரண்டாவதாக, தெரிந்தெடுத்ததைத் திரையில் மெல்லிய கோட்டில் வரைந்து, வண்ணமின்றிக் கருமை, இடைநிறம், வெண்மை என மூன்றே தரங்களில் நிரப்ப வேண்டும். படத்தின் உயிர் இங்கேதான் உள்ளது. உரோமையில் புனித லூயி ஆலயத்தில் கரவாஜியோ 1600-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தில், ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளிக்கற்றையே ஆண்டவரின் அழைப்பாகிவிடுகிறது. வண்ணத்தை முற்றிலும் நீக்கினாலும் அப்படம் பேசும். நம் படமும் அச்சோதனையில் தேற வேண்டும்.

மூன்றாவது, லேயர் எனப்படும் அடுக்குகள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைவதுபோன்றது இது. முன்னாட்களில் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வைத்தார்கள். அச்சிந்தனையின் தொடர்ச்சியே இது. வானமும் கடலும் ஓர் அடுக்கு, வள்ளம் ஓர் அடுக்கு, மாந்தர் ஓர் அடுக்கு எனப் பிரித்துக்கொண்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடாது. ஒவ்வோர் அடுக்குக்கும் பெயரிடுக. அடுக்குகள் ஐந்தாறுக்குமேல் பெருகினால், தேடுவதிலேயே பொழுது போகும். ஓர் அடுக்கின் எல்லைக்குள்ளேயே மேலடுக்கின் வண்ணம் நிற்குமாறு செய்யும் வசதியும் உண்டு. வேட்டியின் மடிப்புகளுக்கும் வள்ளத்தின் பலகைகளுக்கும் அது பெரிதும் உதவும்.

நான்காவது, நிழல். நிழலுக்குக் கருப்பைப் பூசுவது தொடக்கநிலையினரின் வழக்கம். அதனால் படம் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். காலை வெயில் மஞ்சளாகவோ செம்மையாகவோ இருக்கும்போது, நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். 'மல்டிப்ளை' என்ற முறையில் ஓர் அடுக்கை அமைத்து, நீலமும் ஊதாவும் கலந்த மங்கிய நிறத்தைப் பூசினால், அடியிலுள்ள வண்ணம் மறையாமல் இருள் மட்டும் சேரும்.

ஐந்தாவது, மேனியின் நிறம். நம் மீனவரின் மேனி வெயிலில் செம்மையும், நிழலில் நீலமும், நெற்றி மேட்டில் வானொளியும் ஏற்கும் செழுமையான கருமை. அதை ஒரே பழுப்பில் நிரப்பிவிடுவது அநீதி. ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்தே பழகிய நம் பிள்ளைகள், அப்போஸ்தலர்கள் என்றாலே வெளிறிய முகங்களை வரைகின்றனர். கோவாவைச் சேர்ந்த ஓவியர் ஆஞ்சலோ த பொன்சேகா (1902–1967) அன்னை மரியாவைச் சேலை உடுத்திய நம் நாட்டுத் தாயாகத் தீட்டிக் காட்டினார். அவர் காட்டிய வழி நமக்கும் திறந்தே உள்ளது.

ஆறாவது, விளிம்புகள். எங்கே பார்வை நிற்க வேண்டுமோ அங்கே விளிம்பு கூர்மையாகவும், மற்ற இடங்களில் மென்மையாகவும் இருக்க வேண்டும். ஆண்டவரின் முகமும், அழைக்கும் கையும் தெளிவாக இருக்கட்டும். தொலைவு வள்ளங்கள் ஒளியில் கரையட்டும். எல்லாவற்றையும் குழைத்து மழுப்பினால் முகங்கள் மெழுகுபோல் ஆகும். எல்லாவற்றையும் கூர்மையாக்கினால் கண் எங்கும் தங்காது.

இறுதியாகச் சில சோதனைகள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், சாய்ந்த முகமும் ஏறுமாறான கண்களும் உடனே புலப்படும். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால், காட்சி விளங்குகிறதா என்பது தெரியும். செய்ததை அழித்துத் திரும்பச் செய்யும் வசதி கணிப்பொறியில் உண்டெனினும், ஒரே கோட்டை இருபது முறை அழிப்பதைவிட, சிந்தித்து ஒருமுறை போடுவதே கையை வளர்க்கும்.

அச்சகத்திற்கு அனுப்புமுன்

திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சோ மஞ்சள், மெஜந்தா, சயான், கருப்பு ஆகிய நான்கு மைகளால் காட்டுகிறது. ஆகவே திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் அடங்கிவிடும். அச்சு வண்ண முறைக்கு மாற்றி ஒருமுறை பார்த்து, மங்கியவற்றைத் திருத்திக்கொண்ட பின்னரே அனுப்புதல் நலம். தாள் வெட்டும்போது ஓரம் போகும் என்பதால், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து வைக்க வேண்டும். தமிழ் எழுத்துக்களைப் படத்தின் வண்ணத்தோடு கலந்துவிடாமல் தனி அடுக்கில் வைத்தால், பிழை கண்டபோது திருத்த முடியும். அடுக்குகள் கலையாத மூலப்படத்தை இரு வேறு இடங்களில் சேமித்து, ஒன்றாக்கிய பிரதியையே அச்சகத்திற்குக் கொடுங்கள்.

திருவுருவம் வரைவோருக்கு

திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம், அவை குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியது. எனவே திருவுருவம் வரைபவர் பொறுப்போடு வரையக் கடமைப்பட்டவர். புனித அந்தோணியார் கையில் லீலி மலரும் குழந்தை இயேசுவும், புனித செபஸ்தியாரின் உடலில் அம்புகளும் இருப்பது காரணமின்றி அன்று. அவை அவர்களின் வாழ்வைச் சொல்லும் எழுத்துக்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1745 மே 14-இல் திருமுழுக்குப் பெற்று, 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தை வரைபவர், பதினெட்டாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரின் உடையையும் அணியையும் தேடிக் கற்ற பின்பே பேனாவை எடுக்க வேண்டும்.

இந்நாளில் சில சொற்களைத் தட்டினால் நொடியில் படம் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துள்ளன. திருவிழாத் தட்டிகளில் அத்தகைய படங்கள் மிகுந்துவருகின்றன. பளபளப்பாக இருக்கும், ஒரு புனிதரின் அடையாளம் மற்றொருவர் கையில் இருக்கும், விரல்கள் ஆறாக இருந்தாலும் வியப்பில்லை. 2025 சனவரி 28 அன்று உரோமை வெளியிட்ட 'ஆந்திகுவா எத் நோவா' என்ற ஏடு, செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் ஒரு வடிவமாகக் கருதாமல், அதன் விளைபொருளாகவே கருத வேண்டும் எனக் கற்பிக்கிறது. அப்பொறி ஒரு முகத்தை அன்போடு உற்று நோக்கியதில்லை. ஒரு புனிதரிடம் மன்றாடியதுமில்லை. வரையக் கற்கும் வயதில் அதைச் சார்ந்திருக்கும் பிள்ளை, நடக்கக் கற்குமுன் வண்டியில் ஏற்றப்பட்ட குழந்தையை ஒக்கும்.

அதுபோலவே, பிறர் வரைந்த படத்தை இணையத்தில் எடுத்துப் பெயரை வெட்டிவிட்டு அச்சிடுவதும் களவே. ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்கு உரிமை உண்டென நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. ஏழாம் கட்டளையோ காலவரை எதுவும் குறிக்கவில்லை.

பெற்றோருக்கும் பங்குக்கும்

சந்திப்புக் கூடாரத்தை அமைக்கும் வேலைக்குப் பெசலேலைப் பெயர் சொல்லி அழைத்த இறைவன், அவரைத் தம் ஆவியால் நிரப்பிக் கைத்திறனையும் அருளினார் என்று விடுதலைப் பயண நூல் உரைக்கிறது. கைத்திறன் தூய ஆவியாரின் கொடை என்பதை நம்பும் நாம், அதைக் காணும்போது பேணிக் காக்கக் கடன்பட்டுள்ளோம். ஃப்ரா ஆஞ்சலிகோ என்னும் தொமினிக்கன் துறவி தம் துறவற இல்லத்துச் சுவர்களில் வண்ணத்தாலேயே மறையுரை ஆற்றினார். அவரை 1982-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்து, 1984-இல் ஓவியரின் பாதுகாவலராகத் தந்தார் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வரைவதைக் கேலி செய்யாதீர்கள். கருவி வாங்குமுன், தாளில் நாள்தோறும் வரையும் பழக்கம் உண்டா என்று பாருங்கள். மூன்று மாதம் பென்சிலை விடாதவனுக்கு எளிய டேப்லெட் ஒன்றை வாங்கித் தரலாம். கண்கள் களைக்காதபடி இருபது நிமிடத்திற்கு ஒருமுறை சாளரத்தின் வழியே தொலைவில் பார்க்கச் செய்யுங்கள். இரவில் நெடுநேரம் விழிக்க விடாதீர்கள்.

பங்கு மக்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. ஃபிளெக்ஸ் வந்தபின் தூரிகையை மடித்து வைத்த ஓவியர் ஒருவராவது பெரும்பாலான ஊர்களில் இருப்பார். சனிக்கிழமை மாலைகளில் பங்கு மன்றத்தில் அவரை அழைத்து அமர்த்துங்கள். முதல் ஒரு மணி நேரம் அவர் தாளிலும் கரும்பலகையிலும் பிள்ளைகளுக்குக் கோடு கற்பிக்கட்டும். அடுத்த ஒரு மணி நேரம் கணிப்பொறி அறிந்த இளைஞர் டேப்லெட்டில் அதையே வரையக் காட்டட்டும். முதியவர் திரையைக் கற்பார். இளையவர் கோட்டைக் கற்பார். பிரிந்து நின்ற இரண்டும் அங்கே சேரும். அவ்வாண்டுத் திருவிழாவின் கொடியேற்ற அழைப்பிதழையும் தட்டியையும் இவர்களே வரையட்டும்.

இரண்டாவது, அவர்களுக்குக் கூலி கொடுங்கள். "கோவில் காரியம்தானே, சும்மா வரைந்து கொடு" என்ற பேச்சு நம்மிடையே சாதாரணமாக வழங்குகிறது. பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பணம் தருகிற நாம், ஓவியருக்கு மட்டும் ஆசீரோடு நிறுத்திக்கொள்வது முறையன்று. உழைப்பவர் தம் கூலிக்கு உரிமையுடையவர் என்று போதித்தவர் நம் ஆண்டவரே. வரைவதால் வயிறு நிறையும் என்று கண்டால்தான் நாளைய பிள்ளையும் அவன் பெற்றோரும் துணிந்து இக்கலையில் இறங்குவர்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றனர் முன்னோர். டிஜிட்டல் ஓவியத்திற்கும் சுவர் உண்டு: உற்று நோக்கும் கண், பழகிய கை, பொய்யற்ற மனம். இவற்றை எழுப்பித் தருவது வீடும் பங்கும் செய்ய வேண்டிய பணி. வரும் விடுமுறைக்கு உங்கள் பிள்ளையின் கையில் ஒரு சிறு நோட்டையும் இரண்டு பென்சில்களையும் கொடுத்து ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மரியாவும் யோசேப்பும் நாசரேத்தில் தம் மகனுக்குத் தொழில் பழக்கியதுபோல், உங்கள் இல்லமும் நல்ல தொழில் பழகும் இல்லமாக விளங்க இறைவன் அருள்வாராக.